தெரிந்த பொருளுக்குத் தெரியாத பெயர்: ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் வழி

இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்



இந்த மலருக்குக் கவிதை தருவதாகத்தான் முதலில் பெயர் கொடுத்திருந்தேன். சங்கச் செயலாளர், "டேய், கவிதை ஏற்கெனவே மூட்டையா வந்து கிடக்கு, நீயாவது உபயோகமா ஏதாவது எழுதுடா" என்று விரட்டிவிட்டான். எனக்கு உபயோகப்பட்ட விஷயம் ஒன்றுதான் உண்டு. அதையே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கரை கண்டவன் எழுதும் கட்டுரை அல்ல இது. பாதி ஆறு தாண்டியவன், பின்னால் வருகிறவனுக்கு 'இங்கே கல் இருக்கு, இங்கே கால் வை' என்று சொல்வது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டு இயற்பியல் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வாட் இஸ் இனெர்ஷியா?" நான் ஙே என்று முழித்தேன். அவர் இன்னொரு முறை மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டால் மட்டும் புரிந்துவிடுமா? தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நின்ற சீனியர் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதாண்டா நிலைமம்" என்றார். நண்பர்களே, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிலைமம் எனக்குத் தெரியாதா? பஸ் சடன் பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்று பத்தாம் வகுப்பில் படம் போட்டு எழுதியவன் நான். பொருள் என் கைக்குள் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுதான் வேறு.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அகலும் கற்பூரமும் விற்கிறார். வீட்டில் போய் 'இனெர்ஷியா என்றால் என்ன' என்று யாரைக் கேட்பது? நம்மில் முக்கால்வாசிப் பேர் கதை இதுதான். என்னோடு சேர்ந்த ஒருவன் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவன் ராவிய முகத்தில் மூலமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒரு மயிரிழை இடைவெளி தெரியாது. தியரியில் நான்கு அரியர். வகுப்பில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை என்று சொல்லிவிட்டு முதலாண்டோடு நின்றுவிட்டான். இப்போது ஒரு பழக்கடையில் எடை போடுகிறான். அவனுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அவன் நின்ற பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஒரு லிஃப்கோ அகராதி வாங்கினேன். 'ஏ'யில் ஆரம்பித்து தினம் இருபது சொல் மனப்பாடம். ஒன்பதாம் நாள் சோதித்துப் பார்த்தால் முதல் நாள் படித்ததில் இரண்டு மிச்சம். 'அபாகஸ்', 'அபேட்' என்று நாம் வாழ்க்கையில் தொடாத சொற்களாக வருகின்றன. கைபேசியிலேயே அகராதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பார்த்த உடனே மறக்கவும் அதுதான் சௌகரியம்! தேர்வாளர் முன்னால் கைபேசியை எடுக்க முடியுமா?

பிறகுதான் வழியை மாற்றினேன். புதுச் சொல்லைத் தேடிப் போவதை விட்டுவிட்டு, எனக்கு ஏற்கெனவே தமிழில் தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் இடது பக்கம் எழுதினேன். நிலைமம், உந்தம், திசைவேகம், உராய்வு, மின்தடை, ஒளிவிலகல், உள்ளுறை வெப்பம், திருப்புத்திறன். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டினால் நூறு சொல் தேறும். வலது பக்கம் அவற்றின் ஆங்கிலப் பெயர். இனெர்ஷியா, மொமென்டம், வெலாசிட்டி, ஃப்ரிக்‌ஷன், ரெசிஸ்டன்ஸ், ரிஃப்ராக்‌ஷன், லேட்டன்ட் ஹீட், மொமென்ட். இதில் புதிதாகப் புரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை, கவனித்தீர்களா? தெரிந்த ஆளுக்கு இரண்டாவது பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் மெக்கானிக்ஸ் புத்தகம் மிரட்டுவதை நிறுத்தியது.

நம் நூலகத்தில் யாரும் தொடாத பெரிய புத்தகம் ஒன்று உண்டு. அ. சிதம்பரநாதச் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம். வலது பக்கம் நிரம்பாதபோது அதுதான் கைகொடுத்தது. இதே வேலையை எதிர்த்திசையில் செய்தவர் ஒருவர் இருக்கிறார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முடிவெடுத்து, தமிழைக் கற்று, மருத்துவ நூல்களை மொழிபெயர்த்து, கலைச்சொல் பட்டியல்களும் தயாரித்தார். அவ்வளவு படித்த டாக்டரே இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்திருக்கிறார். நமக்கு என்ன வெட்கம்?

இடது பக்கத்தில் எழுதத் தமிழ்ச் சொல்லே இல்லாதபோது என்ன செய்வது? இங்கேதான் நமக்குப் பிடிக்காத தமிழ் இலக்கணம் உதவிக்கு வருகிறது. சிரிக்காதீர்கள்! பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, நினைவிருக்கிறதா? பவணந்தி முனிவர் நன்னூலில் சொன்ன ஆறு உறுப்புகள்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். 'நடந்தனன்' என்பதைத் துண்டு துண்டாகப் பிரித்து, இது பகுதி, இது விகுதி என்று இரண்டு மதிப்பெண் வாங்கினோம். அதே கத்தியை எடுத்து ஆங்கிலச் சொல்லை வெட்டிப் பாருங்கள். தொழில்நுட்பச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கம், லத்தீன் வேர்களிலிருந்து வந்தவை. ஆறு உறுப்பு கூடத் தேவையில்லை. முன்னொட்டு, பகுதி, விகுதி என்று மூன்று போதும்.

'டக்ட்' என்று ஒரு வேர். லத்தீனில் வழிநடத்து, இட்டுச் செல் என்று பொருள். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர் கண்டக்டர். செம்புக் கம்பியும் கண்டக்டர். தமிழில் ஒருவரை நடத்துநர் என்றும் மற்றொன்றைக் கடத்தி என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான், இட்டுச் செல்வது. இழுத்த இழுப்புக்குக் கம்பியாக நீளும் உலோகம் டக்டைல். ஏ.சி. காற்று போகும் குழாய் டக்ட். இண்டக்‌ஷன் மோட்டார், ரிடக்‌ஷன் கியர் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகளே. ஒரு வேரைப் பிடித்தால் ஆறு சொல் கூடவே வருகிறது.

'ஜெக்ட்' என்றால் எறி. முன்னால் எறிவது ப்ரொஜெக்‌ஷன், உள்ளே எறிவது இன்ஜெக்‌ஷன், வெளியே தள்ளுவது எஜெக்டர், திருப்பி எறிவது ரிஜெக்ட். இன்ஜினியரிங் டிராயிங்கில் ப்ரொஜெக்‌ஷன் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டோமே, பொருளின் உருவத்தைக் கோடுகளால் முன்னால் இருக்கும் தாளுக்கு எறிகிறோம், அதுதான் சங்கதி. அதே வகுப்பில் வரும் ஐசோமெட்ரிக்: ஐசோ என்றால் சமம், மெட்ரிக் அளவு. மூன்று அச்சிலும் ஒரே அளவுகோல். ஐசோவை எடுத்துக்கொண்டு தெர்மலோடு சேர்த்தால் ஐசோதெர்மல், சம வெப்பநிலை. அடுத்த பக்கத்திலேயே பயமுறுத்தும் அடியபேடிக் என்பதும் கிரேக்கம்தான், 'ஊடே போகாதது'. வெப்பம் சுவரைத் தாண்டி உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. பெயரிலேயே வரையறை இருக்கிறது. யாரும் நமக்குச் சொல்லவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது தூக்குக்குண்டு. நம் ஊரில் எந்தக் கட்டடத்தில் பார்த்தாலும் மேஸ்திரி நூலில் குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். ஆங்கிலத்தில் அது ப்ளம்ப் பாப். ப்ளம்பம் என்றால் லத்தீனில் ஈயம். வேதியியலில் ஈயத்துக்கு ஏன் 'பிபி' என்று குறியீடு என்று எத்தனை முறை முழித்திருக்கிறோம்! ஈயக் குழாய் வேலை செய்தவர் ப்ளம்பர். ஈயக் குண்டு ப்ளம்ப். இன்னும் கேளுங்கள். பெர்பெண்டிகுலர் என்கிற செங்குத்துக்கு லத்தீனில் மூலச்சொல் பெர்பெண்டிகுலம். அதற்குப் பொருள் இதே குண்டுநூல்தான்! 'பெண்ட்' என்றால் தொங்கு. பெண்டுலம் தொங்குகிறது, சஸ்பென்ஷன் தொங்குகிறது, டிபென்டன்ட் ஒருவரைப் பிடித்துத் தொங்குகிறான், நம் அரியர்கள் பெண்டிங்கில் தொங்குகின்றன. அந்த மேஸ்திரி என்ற சொல்லும் போர்த்துகீசியர் விட்டுச் சென்றதுதான், சாவி, ஜன்னல், அலமாரி மாதிரி. கடன் வாங்காத மொழி எது?

சரி, இந்தக் கிரேக்கமும் லத்தீனும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் செய்த சொற்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மைக்கேல் ஃபாரடே கதையைப் படித்த பிறகு அந்த எண்ணம் போயிற்று. ஃபாரடே 1791இல் பிறந்தவர். அப்பா கொல்லர். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. பதினான்கு வயதில் லண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்து ஏழு வருடம் இருந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே மின்சாரம் கற்றார். படித்ததைக் குறித்துவைக்க நோட்டு போட்டார். மின்பகுப்புச் சோதனைகள் செய்தபோது தான் கண்டதைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. கிரேக்கம் அவருக்குத் தெரியாது. வெட்கப்படாமல், 1834இல், கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஆனோடு, கேத்தோடு, அயான் ஆகிய சொற்கள் அந்தக் கடிதப் போக்குவரத்தில் பிறந்தவை. அயான் என்றால் போய்க்கொண்டிருப்பது. அந்த ஹியூவெல் யார்? லங்காஸ்டர் ஊரில் ஒரு தச்சரின் மகன்! கொல்லர் மகன் கேட்டார், தச்சர் மகன் சொன்னார். அந்தச் சொல்லைத்தான் இன்று நாம் 'பெரிய இங்கிலீஷ்' என்று பயப்படுகிறோம்.

ஆனோடு, கேத்தோடு இரண்டும் குழம்புகிறதா? ஆனோடு 'மேலேறும் வழி', கேத்தோடு 'கீழிறங்கும் வழி'. சூரியன் ஏறும் திசையையும் இறங்கும் திசையையும் மனதில் வைத்துச் செய்த பெயர்கள். நம் ஊர்க்காரனுக்கு இது மறக்கவே கூடாது. கிழக்கே ராஜகோபுரம், அங்கே சூரியன் ஏறுகிறது: ஆனோடு. மேற்கே மலை, அதன் பின்னால் இறங்குகிறது: கேத்தோடு. அண்ணாமலையார் மன்னிப்பாராக!

இன்னொரு ரகம் இருக்கிறது. ரொம்ப எளிமையாகத் தெரியும், காலை வாரிவிடும். தெருவில் ஒரு அர்த்தம், பட்டறையில் வேறு அர்த்தம். டை என்றால் சாவு அல்ல, மரை வெட்டும் கருவி. டேப் தண்ணீர்க் குழாய் அல்ல, அதன் ஜோடி. மொமென்ட் ஒரு கணம் அல்ல, திருப்புத்திறன். க்ரீப் என்றால் ஊர்வது. சூட்டிலும் பளுவிலும் உலோகம் மெல்ல மெல்ல நீள்வதற்கும் அதே பெயர். ஃபெட்டீக் என்றால் களைப்பு. திரும்பத் திரும்பப் பளு ஏறி இறங்கினால் இரும்பும் களைத்து முறியும். அரத்தில் ஒரு வகைக்கு பாஸ்டர்ட் ஃபைல் என்றே பெயர். ரொம்பக் கரடும் இல்லை, ரொம்ப நைசும் இல்லை, நடுத்தரம். ஸ்டோர்ஸில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க முதல் நாள் நாக்கே எழவில்லை!

ஜாப் என்ற சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு ரகளையே நடந்தது. லேத்தில் அரை மில்லிமீட்டர் அதிகமாகக் கடைந்துவிட்ட நாள். வீட்டுக்கு வந்து, "என் ஜாப் ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அம்மா பயந்துபோய் அப்பாவை மண்டியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "படிச்சு முடிக்கறதுக்குள்ளயே வேலை போயிடுச்சா?" என்று அப்பா கேட்டார். ஒரு இரும்புத் துண்டு வீணாயிற்று என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வார்த்தைக் கஷ்டம் முழுவதும் பெரிய சொற்களில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரெஸ்பெக்டிவ்லி என்ற சொல்லால் ஒரு கணக்கு முழுவதும் எனக்குப் போனது. இரண்டு தண்டுகள், விட்டம் 20 மி.மீ., 30 மி.மீ., ரெஸ்பெக்டிவ்லி. 'முறையே' என்று அர்த்தம். விண்ணப்பத்தின் கடைசியில் எழுதுகிற ரெஸ்பெக்ட்ஃபுலியோடு குழப்பிக்கொண்டு, கேள்வித்தாள்காரர் எதற்கு மரியாதை செலுத்துகிறார் என்று யோசித்து, விட்டத்தை மாற்றிப் போட்டேன். வேர்ஆஸ், ஹென்ஸ், அன்லெஸ், நெக்லெக்ட், அஸ்யூம் இவையெல்லாம் எந்தத் தலைப்பிலும் வராது, எல்லாக் கேள்வியிலும் வரும். இவற்றுக்கு வேர் தேடிப் பயனில்லை. பழைய வினாத்தாளில் அந்த வாக்கியத்தை முழுசாக எழுதிவைத்துப் படிப்பதுதான் வழி. ஆங்கிலத்தில் தவறியதால் கணித மேதை ராமானுஜனே கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். நாம் எம்மாத்திரம்?

ஆங்கிலம் முழுவதும் அந்நியம் என்று மலைப்பவர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. கிரைண்டிங் பாடத்தில் கோரண்டம் என்று படிக்கிறோமே, வைரத்துக்கு அடுத்தபடியாக மோ அளவில் 9 உள்ள கல், அது நம் குருந்தம். அணைக்கட்டு அவர்கள் வாயில் அனிகட் ஆயிற்று. கல்லணையை கிராண்ட் அனிகட் என்றுதான் எழுதினார்கள். கட்டுமரம் கேட்டமரன், சுருட்டு செரூட், மிளகுத்தண்ணி முலிகட்டானி. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இப்படிப்பட்ட சொற்களுக்காகவே உண்டானது. ஆனால் சத்தம் ஒத்துப்போனால் எல்லாம் தமிழ் என்று கிளம்பிவிடாதீர்கள். எட்டும் எய்ட்டும், ஒன்றும் ஒன்னும் ஒரே மாதிரி ஒலிப்பது வெறும் தற்செயல். மேடையில் கைதட்டு வாங்கலாம், வைவாவில் வாங்க முடியாது.

பேச்சுக்கு என் குரு எங்கள் மாமா. எட்டாவது வரை படித்தவர், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். வெளிநாட்டுக்காரர்களோடு சரளமாகப் பேசுவார். இலக்கணம் கிடையாது, ஆனால் 'ஸ்டீப்', 'ஷார்ட்கட்', 'பேர்ஃபுட்', 'க்ரௌடட்' எல்லாம் சரியான இடத்தில் விழும். "எப்படி மாமா?" என்றேன். "கேட்ட வார்த்தையை அன்னிக்கே இன்னொரு சவாரிகிட்ட சொல்லிடணும்டா. ராத்திரி தாண்டுச்சுன்னா போச்சு" என்றார். நான் செலவழித்த அகராதிக் காசை இவரிடமே கொடுத்திருக்கலாம். அன்றிலிருந்து நோட்டில் எழுதிய சொல்லை அன்று மாலைக்குள் யாரிடமாவது ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவேன். ஆள் கிடைக்காவிட்டால் தம்பியிடம். அவன் ஆறாவது படிக்கிறான், இப்போது 'நெக்லிஜிபிள்' என்று அவனே சொல்கிறான்.

என் நோட்டில் இன்றைக்கு 640 சொல் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு எட்டுச் சொல்தான். சொல், அதன் வேர், தமிழ்ப் பெயர், அதைப் பார்த்த இடம். 'பார்த்த இடம்' முக்கியம். 'லேத் சாடில்', 'வினாத்தாள் 7ஆம் கேள்வி', 'கிரேன் மேல் ஒட்டிய எச்சரிக்கை' என்று எழுதிவைப்பேன். சொல் மறந்தாலும் இடம் மறக்காது. ஞாயிற்றுக்கிழமை வலது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் பென்சிலால் ஒரு டிக். வராத சொல் எதிர்ப்பக்கத்துக்கு மாறும். 'ஹெட்டிரோஜீனியஸ்' ஐந்து முறை மாறியிருக்கிறது, இன்னும் அடங்கவில்லை. போன மாதம் வளாக நேர்முகத்தில், ஹைட்ராலிக்குக்கும் நியுமேட்டிக்குக்கும் வித்தியாசம் கேட்டார்கள். முதலாவதில் தண்ணீரும் குழாயும், இரண்டாவதில் மூச்சுக்காற்று என்று வேரிலிருந்து ஆரம்பித்தேன். என் ஆங்கிலம் நொண்டியது, ஆனால் நிற்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை.

உங்களுக்கு நான்கு சொல் தருகிறேன். சப்மெர்சிபிள், ட்ரான்ஸ்ஃபார்மர், எக்ஸென்ட்ரிக், சின்க்ரோனஸ். நான்கையும் நாம் தினம் பார்க்கிறோம். வெட்டிப் பாருங்கள். விடையை இங்கே எழுதமாட்டேன். வியாழக்கிழமை மாலை நான்கரைக்கு மெஷின் ஷாப் பின்னால் புங்கமரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்காருகிறோம், அங்கே வாருங்கள். முதலாண்டுத் தம்பி தங்கைகள் கட்டாயம் வரவும். நோட்டு ஒன்று போதும். பழக்கடை நண்பனையும் கூப்பிட்டிருக்கிறேன். அரியர் எழுத வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் கடைக்குப் போனபோது தராசைக் காட்டி, "டேய், இதுக்கு இங்கிலீஷ்ல என்னடா வேர்?" என்று கேட்டான். பேலன்ஸ்: லத்தீனில் இரண்டு தட்டு என்றேன். தட்டில் இருந்த கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தான்.